குட்டைக்குள் தட்டான் தேடிய ஞாயிறும் என் வயிற்றெரிச்சலும்

இந்தப் பயணத்தின் காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இயற்கை மேல் உள்ள பிரியத்தால் நான் டெல்லி ஓரத்து நஜஃப்கர் பக்கம் போகவில்லை. பெனிட்டா போகிறாள் என்று தெரிந்தது, அதனால் போனேன். அவள் தனியாகப் போய் இன்னொரு புது லார்வாவோடு திரும்பி வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கூடவே இருந்தால் என் கண்ணெதிரிலாவது கண்டுபிடிப்பாளே என்று கிளம்பினேன். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, மூன்று நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலை.

புதிதாக இந்த வலைப்பதிவுக்கு வருபவர்களுக்கு: நான் திருச்சிக்காரி. வங்கி வேலை மாற்றலில் டெல்லி வந்து பன்னிரண்டு வருஷமாக ஜனக்புரியில் இருக்கிறேன். ஐந்து வருஷமாகத் தட்டான் பார்க்கும் குழு ஒன்றில் உறுப்பினர். பறக்கிற தட்டானை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் தட்டான் பறப்பது கொஞ்ச நாள்தான். அதற்கு முன் லார்வாவாகத் தண்ணீருக்குள், இறக்கை இல்லாமல், சேற்று நிறத்தில், கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் பிடித்துத் தின்று வளர்கிறது. அந்தப் பருவத்தில் எது எந்த வகை என்று சொல்ல எங்கள் குழுவிலேயே நாலைந்து பேரால்தான் முடியும். அதற்காகக் குழு ஒரு கையேடு தயாரிக்கிறது. ஒரு வகைக்கு ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் விவரித்தவர் பெயர்.

பெனிட்டா குழுவில் சேர்ந்து இரண்டே வருஷம். கையேட்டில் அவளுக்கு நான்கு பக்கம். எனக்குப் பூஜ்யம். நான் அனுப்பிய மூன்றும் திரும்பி வந்துவிட்டன. அவளுடைய நான்கு பக்கங்களும் குழுவின் பொதுக் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. ஒவ்வொன்று வரும்போதும் "பக்கம் வந்துருச்சு அக்கா, பாத்தீங்களா?" என்று செய்தி அனுப்புவாள். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

இனி வழி. ஜனக்புரி வெஸ்டில் காலை 6.40க்கு நீல வழித்தட மெட்ரோ பிடித்தேன். துவாரகாவில் இறங்கிச் சாம்பல் வழித்தடத்துக்கு மாற வேண்டும். பெனிட்டா அங்கேயே குடியிருக்கிறாள், பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். கடைசி நிறுத்தமான டான்ஸா பஸ் ஸ்டாண்டில் 7.15க்கு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம் என்பதால் எனக்கு இருபத்தொரு ரூபாய்தான்.

அவள் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்ததுமே எனக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. நீளக் கைப்பிடி போட்ட வலை, வெள்ளைத் தட்டு இரண்டு, மூடியில் ஓட்டை போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள், எல்லாம் ஒரு பையில் அளவெடுத்து அடுக்கியது மாதிரி. என்னிடம் மாவு சலிக்கிற சல்லடையும், இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பா மூடியும். என்னிடம் இருந்த ஒரே உருப்படியான பொருள் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். அது அவளிடம் இல்லை. அந்த ஒரு திருப்தியோடு ஸ்டேஷன் படி ஏறி வெளியே வந்தேன்.

அங்கிருந்து குட்டைக்கு ஏழு கிலோமீட்டர். நான் கேட்டதற்கு இ-ரிக்ஷாக்காரர் இருநூற்றைம்பது என்றார். பெனிட்டா முன்னால் வந்து "பையா" என்று அண்ணன் முறை வைத்து ஆரம்பித்து ஹிந்தியில் இரண்டே வாக்கியம் பேசினாள், நூற்றறுபதுக்கு வந்துவிட்டார். அவள் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா அம்மா நாகர்கோவில். பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் நான் பேரம் பேசினால் விலை ஏறத்தான் செய்கிறது.

வலையைப் பார்த்துவிட்டு டிரைவர், "மச்லி?" என்று கேட்டார். மீன் இல்லை, பூச்சி என்றேன். எந்தப் பூச்சி என்றார். பெனிட்டா கையை விரித்துப் பறப்பது போலக் காட்டி, "ஹெலிகாப்டர் கா பச்சா" என்றாள். டெல்லிப் பிள்ளைகளுக்குத் தட்டான் என்றால் ஹெலிகாப்டர்தான். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார். "ஹெலிகாப்டர் தண்ணீரிலா குட்டி போடும்? மேடம் ஜி, என் ஊர்க் குளத்தில் முப்பது வருஷம் குளித்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை" என்றார். காட்டுகிறோம், இருங்கள் என்றாள் அவள். காத்திருக்க நூறு ரூபாய் தனி.

ஊர் பெயரை எழுதவில்லை. எங்கள் குழுவின் வழக்கம் அது. பெயர் சொன்னால் அடுத்த வாரமே இருபது கேமரா வந்து கரையை மிதித்துத் துவைத்துவிடும். ஊரை ஒட்டி ஒரு பெரிய குளம், இங்கே ஜோஹட் என்பார்கள், அதில் பாசியும் கொடியும் அடர்த்தி. அதற்கு முப்பதடி தள்ளி வயலோரப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டை, அதில் செடியே கிடையாது. இரண்டும் பக்கம் பக்கம் இருப்பதால்தான் அந்த இடத்துக்கு மவுசு. 7.45க்குத் தண்ணீரில் கை வைத்தோம்.

வேலை எளிதுதான். கரையோரப் பாசிக்கு அடியில் சல்லடையை விட்டு அள்ளி, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு கொட்டி, அசையாமல் இரண்டு நிமிஷம் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் ஒரு துரும்பு நடக்கும். வாலில் இலை மாதிரி மூன்று செவுள் இருந்தால் ஊசித்தட்டான். அவை இல்லாமல், பின்முனை கூம்பாகி ஐந்து முட்களாக முடிந்தால் பெரிய தட்டான். தொட்டால் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சர்ரென்று முன்னால் பாயும். முகத்தைக் கரண்டி போல ஒரு மடிப்பு மூடியிருக்கும். அது கீழ் உதடு. இரை பக்கத்தில் வந்தால் அதுதான் கை மாதிரி நீண்டு கவ்வும்.

எட்டரைக்குள் எனக்கு ஊசித்தட்டான் ஆறு, பெரிய தட்டானில் மூன்று கிடைத்தன. அந்த மூன்றும் பான்டாலா. மழையோடு கூட்டமாக வந்து மொட்டை மாடிகளின் மேல் சுற்றுமே மஞ்சள் தட்டான், அதன் குட்டி. கல்யாண வீட்டில் சாம்பார் மாதிரி, எங்கே போனாலும் உண்டு. டிரைவருக்கு ஒன்றைத் தட்டில் காட்டினோம். அவர் குந்தி உட்கார்ந்து அது பாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பெனிட்டாவிடம்தான் எல்லாச் சந்தேகமும் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

9.40க்கு அவள் மழைக்குட்டைப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "அக்கா, ஜல்தி வாங்க. இது பான்டாலா இல்ல, ட்ரமியா மாதிரி இருக்கு."

ட்ரமியா என்பது பின்சிறகின் அடியில் சிவப்புக் கறை போட்ட தட்டான். பறக்கும்போது பார்த்திருக்கிறோம், லார்வாவாக எங்கள் குழுவில் யாரும் டெல்லியில் எடுத்ததில்லை. கையேட்டில் அந்தப் பக்கம் காலி. லார்வாவில் ட்ரமியாவும் பான்டாலாவும் அக்கா தங்கை போல இருக்கும், இரண்டுக்கும் பின்னுடம்பின் பக்கவாட்டில் நீள முட்கள் உண்டு. பிரித்துச் சொல்ல வால்முனையில் மேலே இருக்கும் ஒற்றை முள்ளைப் பார்க்க வேண்டும். அது கீழே உள்ள இரண்டு முட்களுக்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் பான்டாலா, நன்றாகக் குட்டையாக இருந்தால் ட்ரமியா. பெனிட்டாவின் தட்டில் இருந்ததற்கு மேல் முள் குட்டை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

அவளுக்கு ஐந்தாவது பக்கம். அதுவும் நான் அரை மணி முன்பு சல்லடை போட்டுவிட்டு, செடி இல்லையே என்று விட்டு வந்த குட்டையில்.

"லென்ஸ்ல பாருங்கக்கா" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பார்த்தேன். கீழ் முட்கள் இரண்டும் கூராக முடிந்தன. மேல் முள் கூராக முடியவில்லை. ஒடிந்த பென்சில் மாதிரி மொட்டையாக, ஓரம் வெளிறி இருந்தது. முனை எப்போதோ ஒடிந்து போயிருக்கிறது. ஒடியாமல் இருந்தால் அது கீழ் முட்களுக்குச் சமமாக வந்திருக்கும். செடியில்லாத மழைக்குட்டையும் பான்டாலா விரும்பும் இடம்தான். சந்தேகமே இல்லை, அது என் டப்பாவில் இருக்கும் மூன்றைப் போல நாலாவது சாம்பார்.

"என்னக்கா, மேல் முள்ளு குட்டைதானே?" என்று கேட்டாள்.

"குட்டைதான்" என்றேன்.

அது பொய் இல்லை. ஏன் குட்டை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. லென்ஸை மூடிப் பையில் போட்டேன். வயிறு குளிர்ந்துபோனது. அவள் இதை எழுதி அனுப்புவாள், யாராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முனை ஒடிந்ததைக் கண்டுபிடிப்பார்கள், நான்கு பக்கக்காரிக்கும் தப்பு வரும் என்று குழு முழுக்கத் தெரியும். அந்த நினைப்போடு குட்டைக் கரையில் நின்றிருந்த பத்து நிமிஷமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைக்க ஒன்றும் இல்லை.

10.30க்குக் கிளம்பினோம். லார்வாக்களை டப்பாவுக்கு ஒன்றாகப் பிரித்துக் குளத்துத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டோம். இரண்டை ஒன்றாகப் போட்டால் வீடு வந்து சேரும்போது ஒன்றுதான் இருக்கும். பெனிட்டா எனக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதம் கட்டி வந்திருந்தாள், மெட்ரோ ஸ்டேஷன் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுவும் நன்றாக இருந்தது, அதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். "அந்த லார்வாவுக்கு இறக்கை மொட்டு உப்பியிருக்குக்கா. நாலஞ்சு நாள்ல வெளிய வந்துரும், பால்கனில குச்சி நட்டு வெக்கப்போறேன்" என்றாள். பன்னிரண்டரைக்கு வீட்டில் இருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலமே ட்ரமியா விவரணை குழுவுக்குப் போய்விட்டது. கை தட்டும் படங்கள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று தட்டினேன்.

வியாழக்கிழமை காலை 6.10க்குப் பெனிட்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது. குச்சியில் புதுத் தட்டான், வெளிர் மஞ்சள், இறக்கை இன்னும் ஈரப் பளபளப்போடு. பின்சிறகின் அடியில் எந்தக் கறையும் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தம். கீழே ஒரே வரி: "பான்டாலாதான் அக்கா." குழுவில் யாரும் திருத்தத் தேவைப்படவில்லை, பூச்சியே திருத்திவிட்டது.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன். அந்தத் தப்பான பக்கத்தை வரி வரியாக ரசித்துப் படிக்க வேண்டும் என்று ஆசை. பெனிட்டா எழுதிய பக்கம் ஒன்றை நான் திறந்தது அதுதான் முதல் தடவை.

நன்றாக எழுதியிருந்தாள். நீளம், நிறம், முட்களின் அளவு, தண்ணீர் எப்படிப்பட்டது, எல்லாம் ஒழுங்காக. கடைசியில் ஒரு கட்டம்: உடன் இருந்து தனியாகப் பார்த்து உறுதி செய்தவர். அதில் என் பெயர். முழுப் பெயர், இனிஷியலோடு, ஜனக்புரி என்று ஊரும் போட்டு.

டீயை வைத்துவிட்டு அவளுடைய பழைய நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்கிலும் அதே கட்டத்தில் என் பெயர். அந்த நான்கு பயணத்திலும் நான் கூட இருந்தேன், லென்ஸும் என் கையில்தான் இருந்தது. "அக்கா, உங்க பேர போடட்டுமா?" என்று அவள் எப்போதோ கேட்டதும் ஞாபகம் வந்தது. நன்றி சொல்லும் வரியில் போடுவாள் போல என்று நினைத்து, "எங்கே வேணா போட்டுக்கோ" என்றிருந்தேன். நான் அனுப்பிய மூன்றும் திரும்பி வந்தது இந்தக் கட்டம் காலியாக இருந்ததால்தான். என் லார்வாக்களை நான் யாருக்கும் காட்டியதில்லை, காட்டினால் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம்.

எட்டரை மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். ஆபீஸ் போகும் வழியில் இருந்தாள்.

"சாரிக்கா" என்று அவளே ஆரம்பித்தாள். "உங்க பேரும் சேர்ந்து கெட்டுப்போச்சு. குரூப்ல சொல்லிட்டேன், மிஸ்டேக் என்னுதுன்னு. நீங்களும் பாத்துட்டுக் குட்டைதான்னு சொன்னீங்களே, அதான் கன்ஃபர்ம்னு அனுப்பிட்டேன். உங்க கண்ணு தப்பாதுன்னு எனக்குத் தெரியும்ல."

"மேல் முள்ளு முனை ஒடிஞ்சிருந்தது" என்றேன்.

"ஆமாக்கா. இப்போ அது உரிச்சுப்போட்ட தோல்ல பாத்தேன், நல்லா தெரியுது. அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்ல."

"எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் மெட்ரோ அறிவிப்பு ஒன்று முழுதாக ஓடி முடிந்தது.

"அன்னிக்கேன்னா?"

"குட்டைக் கரையில. லென்ஸ்ல பாத்தப்போ."

"அப்புறம் ஏன் சொல்லல?" அக்கா என்று சேர்க்கவில்லை.

"பொறாமை" என்றேன்.

"அப்படின்னா?"

டெல்லியில் வளர்ந்த பெண், அந்த வார்த்தை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "ஜலன்" என்று ஹிந்தியில் சொன்னேன். ஒரு தடவை சொல்லவே நாக்கு எழாத விஷயத்தை இரண்டு பாஷையில் சொல்ல வேண்டியதாயிற்று.

"அச்சா" என்றாள். "என் ஸ்டேஷன் வந்துருச்சு, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் மழைக்குட்டைகளில் எதுவும் கிடைக்கும். ஏழரைக்குள் குட்டைக்குப் போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். ரப்பர் பூட்ஸ் இல்லாவிட்டால் பழைய ஷூ போதும், செருப்பு சேற்றோடு போய்விடும். போக வர மெட்ரோ, இ-ரிக்ஷா, காத்திருப்பு எல்லாம் சேர்த்து என் பங்கு சுமார் இருநூற்றைம்பது ரூபாயில் முடிந்தது. வளர்க்க உத்தேசம் இல்லாத லார்வாவை அதே தண்ணீரில் விட்டுவிட்டு வாருங்கள். உயிரோடு இருப்பதன் உதட்டை இழுத்துப் பார்க்காதீர்கள், காயம் பட்டால் இரை பிடிக்க முடியாமல் செத்துவிடும். முள்ளின் நீளத்தை மட்டும் பார்க்காமல் முனையையும் பாருங்கள். கூராக இல்லாவிட்டால் அளவு எதையும் நம்பாதீர்கள். இரண்டு பேராகப் போனால் இருவரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதிவிட்டு, அப்புறம் வாயைத் திறங்கள். எழுதிய காகிதத்தை உடனே காட்டிவிடுங்கள், என்னைப் போல ஆளாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக.

சனிக்கிழமை சாயங்காலம் பெனிட்டா புதுப் பக்கம் ஒன்றைக் குழுவுக்கு அனுப்பினாள். பான்டாலா. ஒரே பூச்சியின் லார்வா, அது உரித்த தோல், வெளியே வந்த தட்டான், மூன்றுக்கும் படம். அவ்வளவு சாதாரணமான பூச்சிக்கு அப்படி ஒரு முழுமையான பக்கத்தை எங்கள் குழுவில் யாரும் எழுதியதில்லை. மேல் முள்ளின் முனை ஒடிந்திருந்தால் ட்ரமியா என்று ஏமாறலாம் என்று தன் தப்பையும் அதில் எழுதியிருந்தாள். வந்த நிமிஷமே திறந்து ஒரு வரி விடாமல் படித்தேன். உறுதி செய்தவர் என்ற கட்டத்துக்கு வந்தேன். அது காலியாக இருந்தது. காலியாக விட்டால் பக்கம் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் என் பெயரைப் போடாமல் விட்டிருந்தாள்.